ஏழு வாரம் போகவில்லை, இனி எந்த முகத்தோடு போவது?

கேள்வி: எனக்கு வயது 31. முதல் கணவர் மூலம் எச்.ஐ.வி. வந்தது. அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. இரண்டாவதாக என்னைத் திருமணம் செய்துகொண்டவருக்கு எல்லாம் தெரியும், அவருக்குத் தொற்று இல்லை. மாமியாருக்குத் தெரியாது. நான் வீட்டு வேலை செய்கிறேன். நான்கு வருடமாக ஒரு நாள் தவறாமல் மாத்திரை சாப்பிட்டு வந்தேன். போன முறை மாத்திரை வாங்கப் போனபோது, குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்டேன். அங்கிருந்த நர்ஸ் எல்லார் காதிலும் விழும்படி, "இதை வைத்துக்கொண்டு உனக்குப் பிள்ளை ஒரு கேடா? பேசாமல் ஆபரேஷன் பண்ணிக்கொள்" என்றார். வரிசையில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். மாத்திரை வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன். கையிருப்பு தீர்ந்து ஏழு வாரம் ஆகிறது. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. திரும்பப் போனால் இன்னும் திட்டுவார்கள். எந்த முகத்தோடு போவது? எனக்குக் குழந்தை ஆசை வரக் கூடாதா? பெயர் வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசலாம். இந்த வாரத்துக்குள் போய் மாத்திரையைத் திரும்பத் தொடங்குங்கள். உடம்பு நன்றாக இருக்கிறது என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். மாத்திரை நின்ற சில வாரங்களிலேயே பெரும்பாலானோருக்கு வைரஸ் ரத்தத்தில் மறுபடி பெருகிவிடும். உடம்பு அதைக் காட்டிக்கொடுக்க மாதங்கள் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். மருந்தை விட்டு விட்டுக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டவர்களிடம் நோயும் இறப்பும் கூடுவது தெரிந்ததும் 2006-ல் அதைப் பாதியிலேயே முடித்துக்கொண்டார்கள்.

அதற்காக ஏழு வாரத்தில் எல்லாம் கைமீறிப் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். தினம் ஒன்று என்று சாப்பிடும் கூட்டு மாத்திரையாக இருந்தால், அதில் டோலுடெக்ராவிர் என்ற மருந்து இருக்க வாய்ப்பு அதிகம். 2019 முதல் உலக சுகாதார நிறுவனம் முதல் தெரிவாகச் சொல்வது அதைத்தான். அந்த மருந்தை எதிர்த்து நிற்க வைரஸ் அவ்வளவு எளிதில் கற்றுக்கொள்வதில்லை. இடையில் விட்டுத் திரும்பி வருகிறவர்களில் பெரும்பாலானோர் அதே மாத்திரையைத்தான் மறுபடி தொடங்குகிறார்கள். இருமல், காய்ச்சல், இரவில் வியர்ப்பது, எடை குறைவது பற்றி மருத்துவர் கேட்பார். காசநோய் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தக் கேள்விகள். நோய் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் சிடி4 பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கலாம். உங்களுக்கு ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் தொற்று இருப்பதாக எப்போதாவது சொல்லியிருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். இந்த மாத்திரைகளில் வழக்கமாக உள்ள டெனோஃபோவிர் அதையும் சேர்த்தே அடக்கி வைத்திருக்கும், திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் பாதிக்கப்படலாம்.

உங்கள் கணவர் விஷயமும் அவசரம்தான். வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, மறுபடி குறைந்துவிட்டது என்று பரிசோதனையில் தெரியும் வரை ஆணுறை அவசியம். இந்த ஏழு வாரத்தில் ஆணுறை இல்லாமல் இருந்திருந்தால் அவரும் பரிசோதனை செய்துகொள்ளட்டும், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் இன்னொரு முறையும் செய்யட்டும். அப்படி இருந்து 72 மணி நேரத்துக்குள்தான் ஆகிறது என்றால் அன்றைக்கே போக வேண்டும். தொற்றாமல் தடுக்க 28 நாள் மருந்து இருக்கிறது. தொற்று இல்லாதவர் முன்கூட்டியே சாப்பிடும் தடுப்பு மாத்திரையும் உண்டு, உங்கள் வைரல் லோடு குறையும் வரை அது அவருக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் அதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சரி, இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். எந்த முகத்தோடு போவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இந்தச் சிகிச்சை தரும் வேலைக்கு வந்த புதிதில் நடந்தது இது. இரண்டு மாதம் வராமல் இருந்து ஒரு பெண் வந்தார். நான் அவருடைய அட்டையைப் புரட்டிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஏன் இத்தனை நாள் வரவில்லை? உயிர் மேல் ஆசை இல்லையா?" என்றேன். பதில் வரவில்லை. நிமிர்ந்தபோது அவர் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. அதன் கைப்பிடியில் நூல் பிரிந்திருந்த இடத்தை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். மாத்திரையை வாங்கிக்கொண்டு போனார். அப்புறம் வரவே இல்லை. நெடுநாள் கழித்து, வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும் சக ஊழியர் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்த இரண்டு மாதத்தில் அவர் ஒரு தடவை வந்திருக்கிறார். வேலை செய்யும் இடத்தில் விட நேரமாகி, ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தபோது மருந்து கொடுக்கும் சன்னல் மூடிவிட்டது. இன்னொரு நாள் சம்பளத்தை விட முடியாததால் மறுபடி வர இத்தனை நாள் ஆகியிருக்கிறது. இதெல்லாம் தெரியாமல் நான் அவரிடம் உயிர் மேல் ஆசை இல்லையா என்று கேட்டிருக்கிறேன்.

அந்த நூலை நான் மறக்கவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்தபோதும் அதுதான் கண்ணில் நின்றது. இப்போது இடைவெளி விட்டு வருகிறவர்களிடம், "வந்துவிட்டீர்கள், நல்லது. வர முடியாமல் எது தடுத்தது?" என்று கேட்கிறேன். இதற்குத் தனிப் பயிற்சி எதுவும் வேண்டியதில்லை. ஆனால் இந்த ஒரு கேள்வியில் தெரியவருகிற விஷயங்கள் எந்த ரத்தப் பரிசோதனையிலும் தெரியாது. மாத்திரை டப்பா கிலுகிலு என்று சத்தம் போடும் என்பதற்காகவே ஊருக்குப் போகும்போது அதை விட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். டப்பாவுக்குள் பஞ்சை அடைத்து, லேபிளைச் சுரண்டி, துணி மடிப்புக்குள் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் ஒரு மாத்திரையை யாருக்கும் தெரியாமல் விழுங்குவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு நான்கு வருடம், ஒரு நாள் தவறாமல் சாப்பிட்டிருக்கிறீர்கள். அதை உங்கள் அட்டையில் யாராவது ஒரு வரி எழுதியிருப்பார்களா? ஏழு வாரம் வராததை மட்டும் உடனே எழுதுவார்கள். சிகிச்சை தரும் எங்கள் பக்கத்தில் இது பெரிய குறை.

ஆகவே வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை. அந்த நர்ஸ் சொன்னது சிகிச்சையில் நடந்த ஒரு தவறு. தவறான மருந்தை எடுத்துக் கொடுத்தால் எப்படித் தவறோ, அதே அளவு தவறு. தவறான மருந்தைக் கொடுத்தால் நோயாளிக்கு என்ன ஆகும் என்று எல்லாரும் பதறுவோம். அவருடைய பேச்சால் நீங்கள் ஏழு வாரம் மருந்தில்லாமல் இருந்திருக்கிறீர்கள், அதற்கு யாரும் பதறவில்லை.

இதோடு சேர்ந்த சில நடத்தைகளையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல பெண்கள் அவற்றை விதி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ரத்த அழுத்தம் பார்க்கக் கையுறை போட வேண்டியதில்லை, தொடுவதால் எச்.ஐ.வி. பரவாது. ரத்தம் படக்கூடிய வேலையில் கையுறை போட வேண்டும், அது எல்லா நோயாளிகளுக்கும் ஒரே மாதிரி. யாருக்கு எந்தத் தொற்று என்று தெரியாது என்பதால் எல்லாரிடமும் ஒரே எச்சரிக்கை என்று 1980-களிலேயே வகுத்துவிட்டார்கள். அட்டையில் சிவப்பு மையில் எழுதுவது, தனிக் கட்டில், பிரசவ அறையில் கடைசியாகக் கவனிப்பது, பெயரோடு நோயையும் சேர்த்துக் கூப்பிடுவது, இவற்றில் ஒன்றுக்கும் மருத்துவக் காரணம் கிடையாது.

குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். ஆசை வரலாம். குழந்தையும் வரலாம், அதுவும் தொற்று இல்லாமல்.

எந்தச் சிகிச்சையும் இல்லாத நிலையில், கருவிலும் பிரசவத்திலும் பாலூட்டும்போதும் சேர்த்து, தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். 1994-ல் ஒரே ஒரு மருந்தை வைத்துச் செய்த ஆய்வு அதை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துக் காட்டியது. இன்று நிலைமை எவ்வளவோ மேல். பிரான்சில் 2015-ல் வெளியான ஒரு கணக்கு இருக்கிறது. கருவுறும் முன்பே கூட்டு மருந்து சாப்பிட்டு, கடைசி வரை விடாமல், பிரசவ நேரத்தில் வைரல் லோடு ஒரு மில்லிலிட்டருக்கு 50-க்குக் கீழே இருந்த தாய்மார்கள் 2,600-க்கும் மேற்பட்டோர். அவர்கள் குழந்தைகளில் ஒன்றுக்குக்கூடத் தாயிடமிருந்து தொற்று வரவில்லை. அந்தக் குழந்தைகள் தாய்ப்பால் குடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், அந்தப் பேச்சுக்குப் பின்னால் வருகிறேன்.

கணவருக்குத் தொற்றிவிடுமோ என்ற பயமும் இருக்கும். ஒருவருக்குத் தொற்று இருந்து, மற்றவருக்கு இல்லாத தம்பதிகளை ஐரோப்பாவில் வருடக்கணக்கில் கவனித்தார்கள். முடிவுகள் 2016-லும் 2019-லும் வெளியாகின. மருந்தால் வைரஸ் அடங்கியிருந்தபோது ஆணுறை இல்லாமல் இருந்தும், துணையிடமிருந்து தொற்றியது என்று சொல்ல ஒருவர்கூட இல்லை. உலக சுகாதார நிறுவனமும் 2023-ல் அதையே சொன்னது: பரிசோதனையில் தெரியாத அளவுக்கு வைரஸ் குறைந்தவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்றும் ஆபத்து பூஜ்யம். ஆகவே வரிசை இதுதான்: மாத்திரையைத் தொடங்குவது, வைரல் லோடு குறைந்துவிட்டதா என்று பார்ப்பது, அதுவரை ஆணுறை, அதற்குப் பிறகு குழந்தைக்கு முயற்சி. பெரும்பாலும் சில மாதங்கள்தான் ஆகும். ஃபோலிக் அமில மாத்திரையை இப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் மாத்திரையே கருவுக்கு ஆகாது என்று யாராவது சொன்னால் அதற்கும் ஒரு பின்கதை உண்டு. 2018-ல் போட்ஸ்வானாவில் நடந்த கண்காணிப்பில், டோலுடெக்ராவிர் சாப்பிட்டபடி கருவுற்ற சிலரின் குழந்தைகளுக்கு முதுகுத்தண்டுக் குறை வந்ததாகத் தோன்றியது. உடனே பல இடங்களில் குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு அந்த மருந்தைக் கொடுக்கவே தயங்கினார்கள். கருத்தடை செய்துகொண்டால்தான் தருவோம் என்றும் சொன்னார்கள். அந்த வருடமே ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலிருந்து எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்கள் ருவாண்டாவின் கிகாலியில் கூடி, நல்லது கெட்டதை எங்களிடம் சொல்லுங்கள், முடிவை நாங்கள் எடுக்கிறோம் என்ற பொருளில் அறிக்கை விட்டார்கள். கூடுதலான பிரசவங்களைக் கணக்கெடுத்தபோது அந்த ஆபத்து குறைந்துகொண்டே வந்தது. 2019-ல் கருவுற விரும்பும் பெண்களுக்கும் அதே மருந்து என்று பரிந்துரை வந்துவிட்டது. தங்களைப் பற்றிய முடிவில் தங்களையும் சேர்க்கச் சொல்லி அந்தப் பெண்கள் கேட்டதைத்தான், நீங்கள் அன்றைக்கு அந்த வரிசையில் ஒரு கேள்வியாகக் கேட்டீர்கள்.

அந்த "ஆபரேஷன்" பேச்சை இலேசாக விட எனக்கு மனம் வரவில்லை. நமீபியாவில் எச்.ஐ.வி. உள்ள மூன்று பெண்களுக்கு, சரியாக விளக்கிச் சொல்லி சம்மதம் வாங்காமல், பிரசவத்தின்போது கருத்தடை அறுவை செய்துவிட்டார்கள். பிரசவ வலியில் இருக்கும் பெண்ணிடம் காகிதத்தில் கையெழுத்து வாங்கினால் அது சம்மதம் ஆகாது. அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 2014-ல் அந்தப் பெண்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சிலியில் 2002-ல் இதே கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணிடம் இருபது வருடம் கழித்து, 2022-ல், நாட்டின் அதிபரே மன்னிப்புக் கேட்டார். கருத்தடை வேண்டும் என்று பின்னொரு நாள் உங்களுக்கே தோன்றினால் செய்துகொள்ளலாம், எத்தனையோ முறைகள் இருக்கின்றன. ஆனால் அதைப் பற்றிப் பிரசவ அறையில் பேச்செடுக்க விடாதீர்கள். நீட்டும் காகிதம் எதுவாக இருந்தாலும், "இது எதற்கு? படித்துச் சொல்லுங்கள், என் கணவர் வரட்டும்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. மாத்திரை கொடுக்க ஆபரேஷனை நிபந்தனையாகப் போட யாருக்கும் அதிகாரம் இல்லை.

தாய்ப்பால் விஷயத்தில் ஒரே பதில் எல்லா ஊருக்கும் பொருந்தாது. சுத்தமான தண்ணீரும் தடையில்லாமல் பால்மாவும் கிடைக்கிற வீடுகளில், தாய்ப்பாலைத் தவிர்க்கச் சொல்வது நெடுநாள் வழக்கம். அவை நிச்சயமில்லாத இடங்களில், வயிற்றுப்போக்கிலும் நிமோனியாவிலும் குழந்தைகளை இழப்பது பெரிய ஆபத்தாகிவிடுகிறது. அதனால்தான் பல நாடுகளில், தாய் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டபடி, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்கிறார்கள். ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் நடந்த ஒரு பெரிய ஆய்வில் அப்படிப் பாலூட்டிய குழந்தைகளில் தொற்று ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பூஜ்யம் இல்லை, ஆனால் மிகக் குறைவு. புட்டிப்பால் கொடுக்கும் தாயைப் பார்த்து, ஏன் பால் கொடுக்கவில்லை என்று வீட்டில் கேள்வி வரும் என்பதும் எனக்குத் தெரியும். அதையும் கவுன்சிலரிடம் வெளிப்படையாகச் சொல்லித்தான் முடிவெடுக்க வேண்டும். குழந்தைக்கு முதல் சில வாரங்கள் சொட்டு மருந்து உண்டு. நான்கு முதல் ஆறு வாரத்தில் முதல் பரிசோதனை, பால் நிறுத்திய பிறகு கடைசிப் பரிசோதனை.

கர்ப்பகாலத்தில் பலரும் கோட்டைவிடுகிற ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் டோலுடெக்ராவிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அது உடம்பில் சேராது. சாப்பாட்டோடு என்றால் எச்.ஐ.வி. மாத்திரையை இவற்றில் ஒன்றோடு சேர்த்தே போடலாம். வெறும் வயிற்றில் என்றால், எச்.ஐ.வி. மாத்திரையைச் சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ போட வேண்டும். கர்ப்பிணிகளைப் பார்க்கும் இடத்தில் சத்து மாத்திரை கொடுப்பவருக்கு உங்கள் இன்னொரு மாத்திரை தெரியாது, இங்கே மாத்திரை கொடுப்பவருக்கு அது தெரியாது. நடுவில் நீங்கள்தான் இரண்டையும் அறிந்தவர்.

அங்கேயும் சொல்லத்தான் வேண்டுமா என்று கேட்பீர்கள். பிரசவம் பார்ப்பவரிடம் சொல்லுங்கள், குழந்தைக்கு மருந்து கொடுக்க அது தேவை. அதற்கு மேல் மாமியாருக்கோ, வேலை செய்யும் வீட்டாருக்கோ, தெருவுக்கோ சொல்லியே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை. நீங்கள் துடைத்த தரையிலும் கழுவிய பாத்திரத்திலும் யாருக்கும் எதுவும் வராது. வரிசையில் நின்ற உங்கள் தெருப் பெண்ணைப் பற்றி ஒன்று யோசித்தீர்களா? அவரும் ஏதோ ஒரு காரணத்துக்காகத்தான் அந்த வரிசையில் நின்றார். உங்களைப் பார்த்து அவர் பயந்திருக்கலாம்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் ஆபத்து மற்றவர்களைப் போல் ஏறக்குறைய ஆறு மடங்கு. 25 வயதிலிருந்து மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பரிசோதிக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்களுக்கு 31 ஆகிறது, இதுவரை யாராவது சொன்னார்களா? எத்தனையோ பெண்கள் வருடக்கணக்கில் மாதாமாதம் வந்து மாத்திரை வாங்கிப் போகிறார்கள், இதைப் பற்றி ஒரு வார்த்தை அவர்கள் காதில் விழுவதில்லை. முன்கூட்டியே கண்டுபிடித்தால் தடுத்துவிடக்கூடிய நோய் இது. குழந்தைக்கு முயற்சி செய்யும் முன் இந்தப் பரிசோதனையை முடித்துவிடுங்கள்.

இப்போது போவதைப் பற்றி. முடிந்தால் கணவரை அழைத்துக்கொண்டு போங்கள். அவருக்கு வேலை நாள் என்றால், உங்களைப் போல் மாத்திரை சாப்பிடும் பெண் ஒருவர் தெரிந்திருந்தால் அவரோடு போங்கள். 2001-ல் கேப் டவுனில் மதர்ஸ் டு மதர்ஸ் என்ற அமைப்பு இதையே ஒரு வேலையாக ஆக்கியது: எச்.ஐ.வி.யோடு பிள்ளை பெற்ற தாய்மாரையே சம்பளம் கொடுத்து மருத்துவமனையில் உட்காரவைத்து, புதிதாக வரும் பெண்களோடு பேசவைத்தார்கள். உங்கள் பக்கத்திலும் எச்.ஐ.வி. உள்ளோர் கூட்டமைப்பு இருக்கிறதா என்று கவுன்சிலரைக் கேளுங்கள்.

உள்ளே போனதும் நேரே கவுன்சிலரிடமோ மருத்துவரிடமோ போய், "ஏழு வாரம் மாத்திரை இல்லை, இன்று தொடங்க வந்திருக்கிறேன், குழந்தை பற்றியும் பேச வேண்டும், தனியாகப் பேசலாமா?" என்று சொல்லுங்கள். விளக்கம் கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லலாம். சொல்லப் பிடிக்காவிட்டால் விடுங்கள். மாத்திரை வாங்குவதற்கு அது கட்டணம் இல்லை. அந்த நர்ஸைப் பற்றிப் புகார் கொடுக்க விரும்பினால் பொறுப்பு மருத்துவரிடம் எழுதிக் கொடுங்கள். நாள், நேரம், சொன்ன வார்த்தை இருந்தால் போதும். இன்றே கொடுக்க வேண்டியதில்லை, மாத்திரை கைக்கு வந்து மனம் ஆறிய பிறகு கொடுங்கள். உங்கள் மனு அடுத்து வரும் பெண்ணுக்கு உதவும்.

நிலைமை சீரானதும் மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ சேர்த்து மாத்திரை தர முடியுமா என்று கேளுங்கள். வைரஸ் அடங்கியவர்களுக்கு அப்படிக் கொடுக்கலாம். வருடத்துக்குப் பன்னிரண்டு நாள் வேலையை விடுவதற்குப் பதில் இரண்டு முதல் நான்கு நாளோடு முடியும். வீட்டில் ஒரு வாரத்துக்கு உள்ளதை மட்டும் சின்ன டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டு, மீதியை அதன் சொந்த டப்பாவிலேயே, உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எடுக்காமல், இறுக மூடி வையுங்கள்.

போகும்போது பழைய அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். காலி டப்பா இன்னும் வீட்டில் இருந்தால் அதையும். லேபிளைச் சுரண்டியிருந்தாலும் பரவாயில்லை, மூடியிலோ அடியிலோ ஏதாவது எழுதியிருக்கலாம், மருத்துவர் பார்த்துக்கொள்வார்.